ஒரே ஒரு மேடைப் பதிவு வாங்கலாம் என்றால் எதை வாங்குவது? ஐந்து பவர் பாப் குழுக்கள், ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பிக் ஸ்டார், பேட்ஃபிங்கர், ஜெல்லிஃபிஷ் எல்லாம் ஸ்டூடியோ ஆல்பங்கள் கேட்டு முடிச்சாச்சு. இப்ப லைவ் ரெக்கார்டிங் ஒண்ணு வாங்கணும். கையில் ஒண்ணுக்குத்தான் காசு. எதை வாங்கட்டும்?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை இந்த ஒரு வருடத்தில் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறாக இருந்தது. அது ஏன் என்று யோசித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

பவர் பாப் புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இந்தப் பெயரை 1967இல் முதலில் சொன்னவர் த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். மூன்று நிமிடப் பாட்டு, முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளும் மெட்டு, அதன்மேல் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து பாடும் ஹார்மனி, இத்தனைக்கும் அடியில் நல்ல சத்தமான எலெக்ட்ரிக் கிட்டார். பீட்டில்ஸின் இனிமையும் த ஹூவின் முரட்டுத்தனமும் ஒரே பாட்டில் வந்தால் எப்படி இருக்கும், அதுதான். 1970களில் இந்த வழியில் போன குழுக்களில் பலருக்கும் உரிய கவனம் கிடைக்கவில்லை. கனமான ராக் கேட்பவர்கள் இவர்களை இனிப்பு என்று ஒதுக்கினார்கள். பாப் கேட்பவர்களுக்கோ கிட்டார் சத்தம் அதிகம்.

இந்த இசைக்கு மேடை ஒரு கடினமான பரீட்சை. ஸ்டூடியோவில் ஒரே ஆள் தன் குரலை நான்கு முறை பதிவு செய்து அடுக்கலாம். ஒரு கிட்டாரை ஆறாகக் காட்டலாம். மேடையில் இருப்பது மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான். ஹார்மனியில் ஒருவர் சுருதி தவறினால் மொத்தப் பாட்டும் சரியும். அதனாலேயே இவர்களின் மேடைப் பதிவுகளைத் தேடிக் கேட்கிறேன். மெட்டு நிஜமாகவே வலுவானதா, அல்லது அடுக்குகளால் நின்றதா என்பது அங்கேதான் தெரியவரும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒலி எவ்வளவு சுத்தம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்ப்பது குரல்கள்: ஆல்பத்தில் பாடியவர்களே மேடையிலும் பாடுகிறார்களா, அத்தனை குரல்களும் இருக்கின்றனவா. இரண்டாவது, குழு தன் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. இளமையில், பாட்டுகள் புதிதாக இருக்கும்போது வாசிப்பது ஒரு விதம். முப்பது வருடம் கழித்துக் கூடி வாசிப்பது வேறு விதம். இரண்டிலும் நல்லது உண்டு. மூன்றாவது, அந்த இரவுக்குப் பிறகு யாராவது ஒலிநாடாவில் கை வைத்தார்களா என்பது. நான்காவது, பாட்டுத் தேர்வு: எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளா, ஆல்பத்தில் ஒளிந்திருப்பவையா, பிறருடைய பாட்டுகளா.

அப்புறம் செலவு. அட்டையில் இருக்கும் விலை மட்டும் செலவு இல்லை. அச்சில் இல்லாத பதிப்புகளின் மறுவிற்பனை விலை, வெளிநாட்டுத் தபால் கட்டணம், சுங்கம் எல்லாம் சேரும். சிலவற்றை ரசிக்க முதலில் வேறு இரண்டு ஆல்பங்களைக் கேட்டாக வேண்டும். அந்த நேரமும் செலவுதான்.

## அளவுகோலாக ஒரு பதிவு

சீப் ட்ரிக் குழுவின் புடோகான் பதிவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது போதுமான புகழ் பெற்றுவிட்டது. ஆனால் மற்றவற்றை அளக்க அது வேண்டும்.

இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்ட் நகரத்துக் குழு அது. சொந்த நாட்டில் மூன்று ஆல்பங்கள் போட்டும் பெரிய வெற்றி இல்லை. ஜப்பானிலோ இளைஞர் கூட்டம் இவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1978 ஏப்ரலில் டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் வாசித்ததை ஜப்பானுக்கு மட்டும் என்று அந்த அக்டோபரில் வெளியிட்டார்கள். அது இறக்குமதியாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்து விற்ற வேகத்தைப் பார்த்து, 1979 தொடக்கத்தில் அங்கேயும் வெளியிட வேண்டியதாயிற்று. பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 4ஆம் இடம். 'ஐ வான்ட் யூ டு வான்ட் மீ' பாட்டு 7ஆம் இடம்.

கவனிக்க வேண்டியது அந்தப் பாட்டைத்தான். 1977 ஆல்பத்தில் அதன் ஸ்டூடியோ வடிவம் இருக்கிறது. துள்ளலாக, சற்று மெல்லியதாக. அமெரிக்காவில் அது பட்டியலுக்கே வரவில்லை. மேடையில் கிட்டார் கனத்தது, அரங்கம் பாடகருக்கு எதிரொலி கொடுத்தது. அந்த எதிரொலி இப்போது பாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஸ்டூடியோ வடிவத்தைக் கேட்டால் ஏதோ குறைகிறது என்று தோன்றும். மேடைப் பதிவு ஒரு பாட்டுக்கு இவ்வளவு செய்ய முடியும். கீழே வரும் ஐந்தையும் இதை மனதில் வைத்தே எடைபோட்டேன்.

## பிக் ஸ்டார்: மூன்று பதிவுகள், மூன்று வயது

மெம்ஃபிஸ் நகரத்துக் குழு. பதிவு செய்த ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்கு அருகே இருந்த மளிகைக் கடைத் தொடரின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். பாடகர் அலெக்ஸ் சில்டன் 16 வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக 'த லெட்டர்' பாடி, 1967இல் அமெரிக்காவில் முதலிடம் பார்த்தவர். அப்படிப்பட்டவர் கிறிஸ் பெல்லுடன் சேர்ந்து 1972இல் போட்ட முதல் ஆல்பம் விநியோகக் குளறுபடியால் கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், அதைப் படித்துவிட்டு வாங்கப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. அந்த வருட முடிவுக்குள் பெல் விலகினார்.

இவர்களுக்கு முக்கியமான மேடைப் பதிவுகள் மூன்று உண்டு. எதை எடுப்பது என்பதிலேயே பலர் குழம்புகிறார்கள்.

முதலாவது 1973 ஜனவரி, மெம்ஃபிஸின் லஃபாயெட்ஸ் மியூசிக் ரூம். பெல் போய்விட்டார், சில்டன், பாஸ் கிட்டார் ஆண்டி ஹம்மல், ட்ரம்ஸ் ஜோடி ஸ்டீவன்ஸ் என்று மூவர். அன்றைய முக்கிய நிகழ்ச்சி ஆர்ச்சி பெல் அண்ட் த ட்ரெல்ஸ் என்ற சோல் குழு. கூட்டம் அவர்களுக்காக வந்தது. பிக் ஸ்டார் தொடக்கத்துக்கு வாசிக்கும் குழு, அவ்வளவுதான். கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிறது. இன்று உலகம் முழுவதும் காதலோடு பேசப்படும் பாட்டுகளை, கேட்க விருப்பமில்லாத ஓர் அறையில் மூன்று பேர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இடையில் டி. ரெக்ஸ், கிங்க்ஸ், டாட் ரன்ட்கிரன் பாட்டுகளும் வருகின்றன. ஒலி சுமார்தான். முதலில் 2009 பெட்டித் தொகுப்பில் ஒரு வட்டாக வந்தது; 2018இல் தனியாக வெளியிட்டார்கள்.

இரண்டாவது 1974, நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் ஹெம்ப்ஸ்டெட். டபிள்யூ.எல்.ஐ.ஆர். வானொலிக்காக ஒரு ஸ்டூடியோவில் நேரலையாக வாசித்தது. இரண்டாவது ஆல்பம் அப்போதுதான் வந்திருந்தது. ஹம்மல் படிப்பைத் தொடரப் போய்விட்டதால் ஜான் லைட்மன் பாஸ் வாசிக்கிறார். 1992இல்தான் இது வட்டாக வந்தது. 2019இல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமான பதிவு இது. ஆல்பத்தில் சில்டன் அடுக்கிவைத்த கிட்டார்களை இங்கே அவர் ஒருவரே ஒரே கிட்டாரில் சமாளிக்க வேண்டும். தாளக்கட்டையும் பிடிக்க வேண்டும், நடுவில் தனி வாசிப்புக்கும் தாவ வேண்டும், இரண்டுக்கும் இடையில் பாடவும் வேண்டும். அவர் தனி வாசிப்புக்குத் தாவும் நொடியில் அடியில் ஒரு வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடத்தைப் பாஸும் ட்ரம்ஸும் ஓடிவந்து நிரப்புகின்றன. 'ஓ மை சோல்' மாதிரி முறிந்து முறிந்து ஓடும் பாட்டில் இதைக் கேட்கும்போது மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிப்பது கண்ணில் தெரிகிற மாதிரி இருக்கும். ஆல்பத்தில் அழகாகத் தெரிந்த பாட்டு இங்கே ஆபத்தாகத் தெரிகிறது. விழுந்துவிடுமோ என்று பதறுகிறோம், விழுவதில்லை.

நடுவில் மற்ற இருவரும் ஒதுங்கிக்கொள்ள, சில்டன் அக்கூஸ்டிக் கிட்டாரோடு தனியாகப் பாடுகிறார். 'தர்ட்டீன்' அதில் வருகிறது. ஆல்பத்தில் பின்னணிக் குரல்கள் அந்தப் பாட்டைத் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க யாருமில்லை. லவுடன் வெயின்ரைட்டின் 'மோட்டல் ப்ளூஸ்' பாட்டையும் தன்னுடையது போலவே பாடுகிறார். வானொலி அறிவிப்பாளருடன் ஒரு சிறு பேட்டியும் நடுவே உண்டு.

மூன்றாவது 1993 ஏப்ரல் 25, மிசூரி பல்கலைக்கழகம், கொலம்பியா. கல்லூரி வானொலி மாணவர்கள் கேட்க, சில்டன் யாரும் எதிர்பாராமல் சரி என்றார். ஸ்டீவன்ஸுடன், சியாட்டில் பக்கத்து போஸிஸ் குழுவின் ஜான் ஆவர், கென் ஸ்ட்ரிங்ஃபெல்லோ இருவரும் சேர்ந்தார்கள். இந்த இருவரும் பிக் ஸ்டாரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஹார்மனி அத்துப்படி. நான்கு பேர், இரண்டு கிட்டார், நிறைந்த குரல்கள். கூட்டமோ இந்த ஒரு நாளுக்காகவே திரண்ட கூட்டம். இருபது வருடம் முன் லஃபாயெட்ஸில் கிடைக்காத கைதட்டல் எல்லாம் அன்று கிடைத்தது.

மறைந்திருக்கும் செலவு: டபிள்யூ.எல்.ஐ.ஆர். பதிவை ரசிக்க முதல் இரண்டு ஆல்பங்களும் உங்களுக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கிட்டார் இல்லை என்று தெரிந்தால்தான் சில்டன் செய்வதன் அருமை புரியும். லஃபாயெட்ஸ் பதிவை 2009 பெட்டி வைத்திருப்பவர்கள் தெரியாமல் மறுபடி வாங்கிவிடுகிறார்கள்.

யாருக்கு: ஆல்பங்கள் மனப்பாடம் என்றால் 1974. ஹார்மனிதான் உயிர் என்றால் 1993. மூன்றாவது முறையாக இந்தக் குழுவுக்குச் செலவழிக்கத் தயார் என்றால் மட்டும் 1973.

## பேட்ஃபிங்கர்: வானொலியா, கிளீவ்லண்டா

வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் தொடங்கிய குழு. பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனம் சேர்த்துக்கொண்டது. பால் மெக்கார்ட்னி எழுதிக்கொடுத்த 'கம் அண்ட் கெட் இட்' இவர்களின் முதல் வெற்றி. அதுவே பிறகு சுமையாகவும் ஆனது: பீட்டில்ஸின் நிழல் என்ற பேச்சு கடைசிவரை விடவில்லை. குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும் எழுதிய 'விதவுட் யூ' பாட்டை ஹாரி நில்சன் பாடி 1972இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 1994இல் மரியா கேரி பாடினார். பாட்டைத் தெரிந்தவர்கள் கோடி. எழுதியவர்களைத் தெரிந்தவர்கள் கொஞ்சம். நிர்வாகம் செய்த பணக் குழப்பத்தில் கையில் ஒன்றுமில்லாமல் போய், 1975 ஏப்ரலில் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்னும் மூன்று நாளில் அவருக்கு 28 வயது ஆகியிருக்கும். 1983இல் எவன்ஸும் அதே வழியில் போனார். இதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், ரவிசங்கர் கேட்டுக்கொண்டு ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த பங்களாதேஷ் கச்சேரியில் இவர்கள் வாசித்திருக்கிறார்கள். அக்கூஸ்டிக் கிட்டார்களோடு பின்வரிசையில். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஹாம் முன்னே வந்து ஹாரிசனோடு இரண்டு கிட்டார்களாக 'ஹியர் கம்ஸ் த சன்' வாசித்தார். அந்தப் பதிவு பலர் வீட்டில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கவனித்திருக்க மாட்டோம்.

சரி, எதை வாங்குவது? இரண்டு தேர்வுகள். 1997இல் வெளிவந்த பி.பி.சி. தொகுப்பில் 1972, 1973 ஆண்டுகளின் இரண்டு லண்டன் வானொலிக் கச்சேரிகள் இருக்கின்றன. 1990இல் வெளிவந்த இன்னொன்று, 1974 மார்ச்சில் கிளீவ்லண்டின் அகோரா கிளப்பில் பதிவானது.

பி.பி.சி. பதிவு பலரை ஏமாற்றும். வெற்றிப் பாட்டுகளை எதிர்பார்த்துப் போனால் அவை பெரும்பாலும் இல்லை. மாறாக டேவ் மேசனின் பாட்டுகளை எடுத்துக்கொண்டு கிட்டார்களை ஓடவிடுகிறார்கள். தங்கள் சொந்தப் பாட்டு 'சூட்கேஸ்' கூட நீண்டு கனக்கிறது. மேடையில் தாங்கள் ஒரு முழு ராக் குழு என்று காட்டும் தவிப்பு அதில் இருக்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது: பீட்டில்ஸின் நகல் என்று சொன்னவர்களுக்கு இவர்கள் மேடையில் கொடுத்த பதில் அது. நடுவே 'வீ ஆர் ஃபார் த டார்க்' வரும்போது ஹாமின் குரல் தனியாக எழும், அதற்காகவே வாங்கலாம்.

அகோரா பதிவில் பாட்டுத் தேர்வு நன்றாக இருக்கிறது. தெரிந்த பாட்டுகளும் உண்டு. ஆனால் வெளியிடும் முன் குழுவின் கிட்டார் கலைஞர் ஜோயி மொலண்ட் மறுகலவை செய்து புதிதாகச் சில பகுதிகளைப் பதிந்து சேர்த்தார். ரசிகர்கள் இதில் இரண்டு கட்சி. கேட்கச் சுகமாக இருந்தால் போதும் என்பது ஒன்று. ஹாமும் எவன்ஸும் இல்லாத காலத்தில் செய்தது ஏற்க முடியாது என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அன்றிரவு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் மேடைப் பதிவு வாங்குகிறோம்.

மறைந்திருக்கும் செலவு: இரண்டுமே பழைய பதிப்புகள், மறுவிற்பனையில்தான் தேட வேண்டும். ஒரு முறை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் பழைய சி.டி. ஒன்று வாங்கினேன். அட்டை அசல். உள்ளே இருந்தது வீட்டில் நகலெடுத்த வட்டு. திருப்பி அனுப்பும் தபால் செலவு வட்டின் விலையைவிட அதிகம் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வட்டின் அடிப்பக்கத்துப் படம் கேட்காமல் வாங்குவதில்லை.

யாருக்கு: 'ஸ்ட்ரெய்ட் அப்' ஆல்பத்தைத் தாண்டி இந்த நால்வரையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு பி.பி.சி. தொகுப்பு. முதல் மேடைப் பதிவாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ராஸ்பெரீஸ்: முப்பது வருடம் கழித்து

மறுபடி கிளீவ்லண்ட்; இந்த முறை சொந்த ஊர். எரிக் கார்மன், வாலி பிரைசன், டேவ் ஸ்மாலி, ஜிம் பான்ஃபான்டி. 1972இல் 'கோ ஆல் த வே' அமெரிக்காவில் 5ஆம் இடம் வரை ஏறியது. முதல் ஆல்பத்தின் அட்டையில் ராஸ்பெரி வாசனை வீசும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வாசனையை வைத்தே இவர்களைச் சிறுபிள்ளைக் குழு என்று எடைபோட்டவர்கள் அதிகம். 1973இல் ஸ்மாலியும் பான்ஃபான்டியும் விலகினார்கள். கடைசி ஆல்பத்துக்குப் பிறகு குழுவே கலைந்தது. கார்மன் தனியாக 'ஆல் பை மைசெல்ஃப்' பாடி இன்னும் பெரிய பெயர் வாங்கினார்.

முதல் நால்வரும் மறுபடி மேடையேறியது 2004 நவம்பர் 26, கிளீவ்லண்டின் ஹவுஸ் ஆஃப் ப்ளூஸ் அரங்கில். அது 2017இல் 'பாப் ஆர்ட் லைவ்' என்று இரண்டு வட்டுகளாக வந்தது. அதற்கு முன்பே, 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்தது 2007இல் வெளிவந்திருந்தது. அதற்கு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் இவர்களின் வெளிப்படையான ரசிகர்.

எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். குரல் இளமையில் இருந்தது போல் இருக்குமா? உச்சத்தில் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. ஆனால் துணைக்கு வேறு இசைக்கலைஞர்களும் மேடையில் நின்று ஹார்மனியை நிரப்புகிறார்கள். அதனால் 1970களில் மேடையில் இவர்களால் கொண்டுவர முடியாத அடுக்குகள் இங்கே கேட்கின்றன. 'ஓவர்நைட் சென்சேஷன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிப் பாட்டு ஒன்று வேண்டும் என்று ஏங்கும் ஒரு பாடகனின் பாட்டு அது. 1974இல் அதைப் பதிவு செய்தபோது குழு உடையும் நிலையில் இருந்தது. முப்பது வருடம் கழித்து, சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன் முதல் நால்வரும் பாடும்போது அந்த ஏக்கத்துக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. கார்மன் 2024இல் காலமானார். இனி இந்த நால்வரும் கூட வழியில்லை.

மறைந்திருக்கும் செலவு: பாதிக்கு மேல் இரண்டு பதிவுகளிலும் ஒரே பாட்டுகள். இரண்டையும் வாங்க அவசியமில்லை. முதல் இரவின் படபடப்பு வேண்டுமென்றால் கிளீவ்லண்ட், கை பழகிய வாசிப்பு வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ்.

யாருக்கு: ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றுகூடக் கேட்காதவர்களுக்கு. முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல் நேரே உள்ளே போகலாம்.

## பிளிம்சோல்ஸ்: வேகம்

லாஸ் ஏஞ்சலஸ் குழு. இதன் பாடகர் பீட்டர் கேஸ் இதற்கு முன் நெர்வ்ஸ் என்ற மூவர் குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் ஜாக் லீ எழுதிய 'ஹேங்கிங் ஆன் த டெலிஃபோன்' பாட்டைத்தான் ப்ளாண்டி எடுத்துப் பிரபலமாக்கினார்கள். பிளிம்சோல்ஸுக்கு ஒரு பாட்டால்தான் பெயர்: 'எ மில்லியன் மைல்ஸ் அவே'. ஆனால் அந்த ஊர் கிளப்களில் இவர்களைப் பார்த்தவர்கள் ஆல்பங்களைப் பற்றிப் பேச மாட்டார்கள். மேடையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

1981 அக்டோபர் 31 அன்று 'விஸ்கி எ கோ கோ' கிளப்பில் வாசித்தது 2010இலும், 1983 ஆகஸ்டில் ஹண்டிங்டன் பீச்சின் கோல்டன் பேர் கிளப்பில் வாசித்தது 2012இலும் வெளிவந்தன. 1981 பதிவு வியர்வை வாசம் அடிக்கும் பதிவு. பாட்டுகள் மூச்சுவிடாமல் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. ஹார்மனி அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை இவர்களுக்கு இல்லை; கத்திப் பாடினாலும் மெட்டு நிற்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அது நிற்கவும் செய்கிறது.

மறைந்திருக்கும் செலவு: நிதானமான பாட்டு வேண்டுபவர்கள் பாதியில் களைத்துவிடுவார்கள். மற்றபடி எளிய செலவுதான்.

யாருக்கு: பங்க் கேட்டுப் பழகி, அதில் மெட்டு போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு.

## ஜெல்லிஃபிஷ்: நிஜமாகவே பாடினார்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1990இல் ஓர் ஆல்பம், 1993இல் ஓர் ஆல்பம், 1994இல் முற்றுப்புள்ளி. கிரஞ்ச் என்ற முரட்டு ராக் அலை அடித்த வருடங்களில் குயீன், பீச் பாய்ஸ் பாணியில் குரல்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்களை யார் கேட்பார்கள்?

ஆல்பத்தின் குரல் அடுக்குகளைக் கேட்டவுடன் எல்லோருக்கும் வரும் சந்தேகம், இதை மேடையில் செய்ய முடியுமா என்பது. 1991 பிப்ரவரி 21 அன்று சின்சினாட்டியின் போகார்ட்ஸ் கிளப்பில் வாசித்தது 2012இல் வெளிவந்தது. அந்தச் சந்தேகத்துக்கு அதுதான் விடை. முக்கியப் பாடகர் ஆண்டி ஸ்டர்மர் மேடையின் முன்வரிசையில் நின்றுகொண்டே ட்ரம்ஸ் அடித்தபடி பாடுவார். நின்றுகொண்டு அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்முக்கு ஒரு காலில் உடல் எடையைத் தாங்க வேண்டும். அப்படியிருந்தும் குரல் ஆடவில்லை. ராஜர் மேனிங், ஜேசன் ஃபாக்னர், ராஜரின் தம்பி கிறிஸ் மூவரும் ஹார்மனியில் சேர, நான்கு குரல்கள் ஒரு குரலாகப் பூட்டிக்கொள்கின்றன. பேட்ஃபிங்கரின் 'நோ மேட்டர் வாட்' பாட்டை இவர்கள் மேடையில் பாடுவது வழக்கம். மேலே சொன்ன அந்தக் கைவிடப்பட்ட குழுவை அடுத்த தலைமுறை எப்படித் தூக்கிப்பிடித்தது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: 2002இல் 'ஃபேன் க்ளப்' என்று நான்கு வட்டுப் பெட்டி ஒன்று வந்தது. அதை வெளியிட்ட நாட் லேம் நிறுவனம் இப்போது இல்லை. பெட்டிக்கு யானை விலை சொல்வார்கள். போகார்ட்ஸ் பதிவு மட்டும் போதும். இன்னொன்று, இரண்டாவது ஆல்பம் 'ஸ்பில்ட் மில்க்' வருவதற்கு முந்தைய கச்சேரி இது. அந்த ஆல்பத்தின் பாட்டுகளுக்காக வாங்காதீர்கள்.

யாருக்கு: ஹார்மனியைக் காது கூர்ந்து கேட்பவர்களுக்கு, சேர்ந்து பாடிப் பழகுபவர்களுக்கு இது ஒரு பாடமும்கூட.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பதிவு | பலம் | குறை | முன்தயாரிப்பு |
|---|---|---|---|
| பிக் ஸ்டார், 1974 | மூவரின் துணிச்சல், தனிப்பாட்டுகள் | கிட்டார் அடுக்கு இல்லை | இரண்டு ஆல்பங்கள் |
| பிக் ஸ்டார், 1993 | நிறைந்த குரல்கள், அன்பான கூட்டம் | பாதிக் குழு புதிது | ஓர் ஆல்பம் |
| பேட்ஃபிங்கர், பி.பி.சி. | ஹாமின் குரல், கிட்டார் | வெற்றிப் பாட்டுகள் குறைவு | நிறைய |
| ராஸ்பெரீஸ், 2004 | பாட்டுத் தேர்வு, முதல் நால்வர் | இளமை இல்லை | வேண்டாம் |
| பிளிம்சோல்ஸ், 1981 | வேகம் | ஒரே வேகம் | வேண்டாம் |
| ஜெல்லிஃபிஷ், 1991 | நான்கு குரல் ஹார்மனி | ஒரே ஆல்பத்துப் பாட்டுகள் | ஓர் ஆல்பம் |

வாங்கும் முன் ஸ்ட்ரீமிங்கில் தேடிப் பாருங்கள். உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதால் ஒரு ஊரில் கிடைப்பது இன்னொரு ஊரில் இருக்காது. இன்று இருப்பது நாளை காணாமல் போவதும் உண்டு. பிடித்துவிட்டால் வட்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வானொலிக் கச்சேரி என்ற பெயரில் பாதி விலைக்கு வரும் அனாமதேய வட்டுகளை விட்டுவிடுங்கள். யாரோ வீட்டு கேசட்டில் பிடித்ததிலிருந்து எடுத்தவையாக இருக்கும், குழுவுக்கும் அதில் ஒரு பைசா போகாது. காசு விஷயத்தில் ஏற்கெனவே இவ்வளவு ஏமாந்தவர்களை நாமும் சேர்ந்து ஏமாற்ற வேண்டாம்.

தம்பிக்கு நான் சொன்னது பிக் ஸ்டார் 1974. முதல் இரண்டு ஆல்பங்களும் அவருக்கு மனப்பாடம் என்பதால் அந்தப் பதில். அவருடைய அக்கா இந்தக் குழுக்கள் எதையுமே கேட்டதில்லை, பரிசாக ஒன்று வாங்க வேண்டும் என்றார். அவருக்கு ராஸ்பெரீஸ் கிளீவ்லண்ட் பதிவைச் சொன்னேன்.

வட்டு கைக்கு வந்ததும் தம்பியை ஒன்று செய்யச் சொன்னேன். பிக் ஸ்டார் ஆல்பத்திலிருந்து 'செப்டம்பர் கேர்ல்ஸ்' பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, இடையில் வேறு எதுவும் கேட்காமல், அதே பாட்டை உடனே மேடைப் பதிவில் போடுங்கள்.